என்ன வலை தம்பி?

2005 ஜனவரி. ஆழிப்பேரலை வந்துபோய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில், மணல் ஏறிக் கிடந்த ஒரு திண்ணையில் படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள், பேருந்து ஏறிவிட்டேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. எங்களுக்குக் கொடுத்திருந்தது பொருள் இழப்பைக் கணக்கெடுக்கும் வேலை. படிவத்தில் வீடு, படகு, வலை, இயந்திரம், மரம், கால்நடை என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘எண்ணிக்கை’.

முதல் நாளே என்னோடு வந்த நண்பன் மாட்டிக்கொண்டான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். எதிரே இருந்தவர், “படகெல்லாம் இல்ல, ஒரு மரம் இருந்துச்சு, அது போச்சு” என்றிருக்கிறார். இவன் மரக் கட்டத்தில் 1 என்று எழுதிவிட்டு, “தென்னைங்களா, வேற மரங்களா?” என்று கேட்டுவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஊரில் நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். கட்டுமரத்தை அங்கே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரம், அவ்வளவுதான்.

மறுநாள் என் முறை. எழுபதை ஒட்டிய பெரியவர் ஒருவர் முன்னால் வந்து குந்தினார். படகுக் கட்டத்தில் ‘கட்டுமரம் 1’ என்று சரியாகவே எழுதினேன், நேற்றைய பாடம். அடுத்த கட்டத்துக்கு வந்து, “வலை எத்தனை போச்சுங்க ஐயா?” என்றேன்.

“என்ன வலை தம்பி?”

“வலைதான் ஐயா. மீன் பிடிக்கிற வலை.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “ஜவுளிக்கடையில போயி துணி ஒண்ணு குடுன்னு கேப்பியா நீ?”

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். கவளை வலை ரெண்டு. காலா வலை ஒண்ணு. நண்டு வலை மூணு, அதில் ஒன்று போன மாதம் கட்டியது. இறால் வலை ஒன்று, மருமகனுடையது, ஆனால் இவர் வீட்டில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கண் (வலைத்துளை) என்ன, நூல் எவ்வளவு தடிமன், எந்தக் காற்றுக்கு எது கடலுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே போனார். வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று. படிவத்தில் அந்தக் கட்டம் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. நான் ‘7’ என்று எழுதினேன்.

அந்த ‘7’ என்ற எண்ணை இன்றுவரை நான் மறக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு வலை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கடலில் திரை போலத் தொங்கவிடும் வலைகளில், மீனை எதுவும் போய்ப் பிடிப்பதில்லை. மேலே தக்கை மிதக்கும், கீழே ஈயம் இழுக்கும், நடுவில் வலை சுவர் மாதிரி நிற்கும். நீந்தி வருகிற மீன் கண்ணுக்குள் தலையை நுழைக்கிறது. தலை போகிறது, உடம்பு போகவில்லை. பின்வாங்கினால் செவுளில் நூல் மாட்டிக்கொள்கிறது. கண் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் மீன் முழுதாக அந்தப் பக்கம் போய்விடும். ஒரு சுற்றுச் சிறிதாக இருந்தால் மூக்கால் முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஆக கவளை வலை என்று சொன்னால் கவளை என்கிற சிறு மீனின் தலைச்சுற்று அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நண்டு வலை வேறு கதை. நண்டுக்குச் செவுள் மாட்டுகிற வேலை இல்லை. தரையில் ஊர்ந்து வந்து காலும் கொடுக்குமாகச் சிக்கிக்கொள்ளும். அதனால் அந்த வலை தரையோடு கிடக்க வேண்டும், கண் அகலமாக இருக்க வேண்டும், சீக்கிரம் கிழியும் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். இவற்றை எல்லாம் கூட்டி ஏழு என்று நான் எழுதினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி அந்த ஊருக்குப் போனபோது, நிவாரணமாக ஒரு தரப்பினர் கொடுத்திருந்த வலைக்கட்டுகள் பல வீடுகளின் பின்புறம் பிரிக்கப்படாமல் கிடந்தன. எல்லோருக்கும் ஒரே கண், ஒரே நூல். பளபளவென்று புதிது. பெரியவர் வீட்டில் ஒன்றைப் பிரித்து முருங்கைச் செடிக்கு வேலியாகக் கட்டியிருந்தார்கள். கவளை நுழைந்து போய்விடும், காலா முட்டிவிட்டுப் போய்விடும், “ஆட்டுக்குட்டி மட்டும் மாட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் படிவத்தைப் பார்த்துத்தான் அப்படிக் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட படிவங்களை நிரப்பியவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்கு அவர் ஒரு வலைத்துண்டை எடுத்துக் கண்ணுக்குள் விரலை விட்டுக் காட்டினார். இரண்டு விரல் இறுக்கமாக நுழைந்தது. “இது ரெண்டு விரல் கண்ணு.” நான் என் விரலை விட்டுப் பார்த்தேன், தொளதொளவென்று ஆடியது. மூன்றாவது விரலும் ஏறக்குறைய போகும். “உன்னது பேனா புடிச்ச வெரலு” என்றார். கண்ணுக்கு விரல், ஆழத்துக்கும் கயிற்றுக்கும் பாகம். இரண்டு கையையும் விரித்தால் நுனியிலிருந்து நுனிவரை ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. பத்துப் பாகத்தில் போட்டோம் என்றால், கயிற்றைப் பத்து முறை மார்புக்குக் குறுக்கே இழுத்து அளந்தோம் என்று பொருள். அளவுகோல் எப்போதும் கூடவே இருக்கும், தண்ணீரில் விழுந்து தொலையாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடல்தான் எனக்குத் தெரியாது, மீன் பிடிக்கவே தெரியாதவன் இல்லை நான். சிவகங்கைச் சீமைக்காரன். எங்கள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை கரையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சனம், துண்டு அசைந்த நொடியில் சேற்றுக்குள் பாயும். கையில் ஊத்தா, கச்சா, வலை, எதுவுமில்லாதவர்களிடம் பழைய சேலை.

ஊத்தா என்றால் மூங்கில் சிம்பில் முடைந்த கூம்பு. அடிவாய் அகலம், மேல்வாய் கை நுழைகிற அளவு, இரண்டு பக்கமும் திறப்பு. பழைய அகராதிகளில் ‘ஊற்றால்’ என்று திருத்தமாகப் போட்டிருப்பார்கள், எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. பயன்படுத்துகிற விதம் இதுதான்: மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தண்ணீர் கலங்கல். நடந்துகொண்டே ஊத்தாவைச் சேற்றில் குத்த வேண்டும். குத்தியதும் ஒரு கணம் நிற்க வேண்டும். உள்ளே ஏதாவது இருந்தால் மூங்கிலில் இடிக்கும், அந்த இடி உள்ளங்கைக்குத் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட வேண்டும். விரால் என்றால் வழுக்கும். கெளுத்தி என்றால் முள் குத்தி இரவெல்லாம் கடுக்கும். எது என்று கை போகும்வரை தெரியாது. எட்டு வயதில் நான் முதல் முதலாகக் கையை விட்டது கெளுத்தியின் மேல். அப்பா சிரித்துக்கொண்டே, “இடி கேட்டியா, இல்லையா? வெரா இடிச்சா தொம்முன்னு இடிக்கும், கெளுத்தி கிர்ருன்னு உரசும்” என்றார். அந்தத் தொம்முக்கும் கிர்ருக்கும் எந்த அகராதியிலும் இடமில்லை. அன்றைக்கு அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் என் கை தப்பித்திருக்கும்.

இதே சாமானுக்கு யாழ்ப்பாணத்துப் பக்கம் கரப்பு என்று பெயர். பரவைக் கடலில், ஆழமில்லாத களப்பு நீரில் அதே குத்து, அதே நிறுத்தம், அதே கை. கண்மாயில் எதுவும் நடப்படுவதில்லை. அங்கேயோ கம்புகளை நட்டு வலையை வேலியாகச் சுற்றி, மீனை வழிகாட்டி ஒரு அறைக்குள் கொண்டுபோய் விடுகிற களங்கட்டியும் உண்டு. முக்கிளை ஈட்டிக்கு மண்டா. மட்டக்களப்புக்குப் போனால் இறால் வாருகிற கைவலைக்கு அத்தாங்கு. ஒரே மொழிதான். ஆனால் ஒரு கரையில் பழகியவரைக் கொண்டுபோய் இன்னொரு கரையில் விட்டால், சாமானைக் கண்ணால் பார்த்துத்தான் பெயரை நிச்சயம் செய்வார்.

கடலுக்கும் கண்மாய்க்கும் நடுவே சொற்கள் இடம் மாறுவது எனக்கு எப்போதும் வேடிக்கை. எங்கள் ஊரில் வாடி என்றதும் வாடிவாசல் நினைவுக்கு வரும், காளை சீறிக்கொண்டு வெளியே வரும் இடம். மன்னார், முல்லைத்தீவுக் கரையில் வாடி என்றால் மீனவர் தங்கிக் கருவாடு காயவைக்கும் குடிசை. திமில் என்றால் எங்களுக்குக் காளையின் முதுகு. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பரதவர் ஏறிப் போகும் படகு. குறுந்தொகையில் அந்தத் திமிலில் போகிறவர்கள் மூங்கில் காம்பில் கூர்மையான உளியை மாட்டிச் சுறாவின் மேல் எறிகிறார்கள். அதன் பெயர் எறியுளி. இப்படி ஒரு பெயர் இருந்தால் விளக்கக் குறிப்பே தேவையில்லை.

வலைக்கும் மடிக்கும் வருகிறேன். கடலில் இருப்பவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் இரண்டையும் அவர்கள் கலப்பதில்லை என்று தெரியும். பை போன்ற பகுதி இருந்தால் அது மடி. தட்டுமடி, இழுவைமடி, சுருக்குமடி, இரட்டைமடி. கண்ணில் மாட்டுவது வலை. மடியில் சேருவது வேறு. விதிவிலக்கு கரைவலை. அதற்கும் நடுவில் பெரிய மடி உண்டு, குமரிக் கரையில் அதைக் கரைமடி என்றே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் வலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. வலைக்குக் கண் இருக்கிறது, மடி இருக்கிறது, வாய் இருக்கிறது. முழு ஆள்.

கரைவலை போடுவதை ஒரு முறையாவது விடியலில் நின்று பார்க்க வேண்டும். கம்பா என்கிற நீளக் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் சிலர் பிடித்துக்கொள்வார்கள். வள்ளம் கயிற்றை விட்டுக்கொண்டே கடலுக்குள் போகும். பிறகு வலையின் ஒரு பக்கம், நடுவில் மடி, மறு பக்கம் என்று அரைவட்டமாக இறக்கி, இன்னொரு கம்பாவோடு கொஞ்ச தூரம் தள்ளிக் கரையேறும். இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். ஓரங்களில் கண் பெரிது, மடியை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே வரும். ஓரத்தில் இருக்கிற மீன் அந்தப் பெரிய கண் வழியாகப் போய்விடலாம்தான். ஆனால் அசைகிற நூலைக் கண்டு மிரண்டு நடுவை நோக்கித்தான் ஓடும். மணிக்கணக்கில் இழுக்கிற இந்த வேலைக்கு ஒத்திசைவு வேண்டும், அதற்குப் பாட்டு. ஈழக் கரையில் அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். வலைக்கு உரியவர் சம்மாட்டி.

இழுத்து முடிந்ததும் கரையில் ஒரு கேள்வி வரும்: “பாடு எப்படி?”

பாடு. மீன் கிடைத்த அளவுக்கு அதுதான் சொல். மீன் ‘பிடித்தோம்’ என்று அவர்கள் சொல்லி நான் கேட்டது குறைவு. ‘பட்டுது’ என்பார்கள், ‘இன்னிக்குப் படல’ என்பார்கள். நாங்கள் கண்மாயில் பிடிக்கிறவர்கள், கையை விட்டுத் துழாவுகிறவர்கள், ‘பிடித்தேன்’ என்று மார்தட்டுகிறவர்கள். கடலில் மீன் படுகிறது. வலையைப் போடுவது வரைதான் ஆளின் வேலை. பழவேற்காட்டில் இன்னொரு பாடு இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதால் சுழற்சி. இலங்கைக் கரைவலைக்காரர்களுக்கும் பாடு என்பது வலை இழுக்க உரிமையுள்ள கரைத்துண்டு. உழைத்துக் களைப்பதும் பாடுதான். எல்லாம் ‘படு’ என்ற ஒரே வேரிலிருந்து கிளம்பியவை. துடுப்புப் போடுவதற்குத் தண்டு வலித்தல் என்று சொல்வார்கள். வலி என்றால் இழு. அதே வலி இரவில் தோளிலும் இருக்கும். இதைக் கவிதை என்று நினைத்து நான் ஒரு முறை பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். “தோளு வலிக்கிறது வலிக்கிறதுதான், அதுல என்ன இருக்கு” என்றார்.

பருத்தி நூல் காலத்தைப் பற்றி அவர் பேசினால் நேரம் போவது தெரியாது. அவருடைய அப்பா காலத்தில் வலை கடலிலிருந்து வந்ததும் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மக்கிவிடும். பனிச்சங்காயை இடித்துக் காய்ச்சிய சாற்றில் வலையை முக்கி எடுப்பார்கள். நூல் கறுத்து இறுகும், உப்புத் தண்ணீர் சீக்கிரம் தின்னாது. கரையில் அந்த அண்டா வாசனை இருந்த இடங்களை எல்லாம் அவருக்குத் தெரியும். நைலான் வந்தது, அண்டா போனது. பனிச்சை மரம் எது என்று அவருடைய பேரனுக்குக் காட்டத் தெரியவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை, அவன் வலை மக்குவதில்லை. இதற்காக நான் கண்ணீர் விடத் தயாரில்லை. தினமும் ஈர வலையைத் தூக்கிக் காயப்போட்ட பெண்களிடம் கேட்டால் நைலானுக்குக் கோயில் கட்டுவார்கள்.

மரத்தின் கதையும் அதுதான். இலேசான மரத்தடிகளைச் செதுக்கிக் கயிற்றால் கட்டியது கட்டுமரம். ஓட்டை விழுந்து முழுக வாய்ப்பே இல்லை, ஏனென்றால் தண்ணீரை வெளியே நிறுத்துகிற உள்ளிடமே அதற்குக் கிடையாது. அலை மேலே ஏறி இடுக்கு வழியாக இறங்கிவிடும். தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும் என்பதால் கரையேறியதும் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள். வில்லியம் டாம்பியர் என்கிற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியான தன் பயண நூலில் இந்தச் சொல்லை எழுதினார். அது ஊர் ஊராகப் போய், கடைசியில் இரண்டு உடல்களை மேல்தளத்தால் இணைத்த சொகுசுப் படகுக்குப் பெயராக நிற்கிறது. இங்கே 2004க்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தது ஃபைபர் படகு. மரம் கிட்டத்தட்ட கரையை விட்டே போய்விட்டது. சொல் உலகத்துக்குப் போக, பொருள் ஊரை விட்டுப் போயிற்று.

ஆனால் கடற்கரை புதுப்பெயர் வைப்பதை நிறுத்தவில்லை. மூன்று அடுக்கு வலைக்கு டிஸ்கோ வலை. நைலான் நரம்பு வலைக்குத் தங்கூசி வலை. இலங்கை வடக்கில் லைலா வலை என்று ஒன்று. யார் அந்த லைலா என்று கேட்டால் சிரிப்பார்கள். இந்தப் பெயர்கள் வேடிக்கையாக இருந்தாலும் வழக்கு, தடை, பறிமுதல் எல்லாம் இவற்றின் பெயரில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் சுருக்குமடியும் இரட்டைமடியும் தடைப்பட்டியலில் இருக்கின்றன. சுருக்குமடிக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் மட்டும் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. சிறுதொழிலாளர்கள் அதை எதிர்ப்பதற்கும் சொல்லிலேயே காரணம் இருக்கிறது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிக்கயிற்றைச் சுருக்குகிறார்கள், பை வாய் மூடிக்கொள்கிறது. தலைச்சுற்று, கண் அளவு என்ற கேள்வியே எழுவதில்லை, கூட்டம் மொத்தமும் வந்துவிடுகிறது.

கருவியே இல்லாமல் பிடிக்கிறவர்களும் உண்டு. பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்துகொண்டே இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பிடித்த இறால் நேரே பறிக்குள். என் படிவத்தில் அவர்கள் வந்திருந்தால் படகு 0, வலை 0, இயந்திரம் 0. இழப்பு ஒன்றுமில்லை என்று முடித்திருப்பேன்.

பெரியவர் இப்போது இல்லை. நான் மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன், கணக்கெடுப்புப் படிவங்கள் அவ்வப்போது வரும். போன வருடம் கடலோரக் குடும்பங்களுக்கான படிவம் ஒன்று வந்தது. மீன்பிடி உபகரணம், எண்ணிக்கை, மதிப்பு. இருபது வருடத்தில் ஒரு கட்டம்கூடக் கூடவில்லை. நானாகவே வலையின் பெயர், எந்த மீனுக்கு, எந்தக் காற்றுக்கு, கண் அளவு (விரல்) என்று நான்கு கட்டம் சேர்த்து, காரணமும் எழுதி அனுப்பினேன். எதிர்பார்க்கவே இல்லை, மூன்றை ஏற்றுக்கொண்டார்கள். நான்காவதற்கு மட்டும் கேள்வி: விரல் என்பது தரப்படுத்தப்பட்ட அளவு அல்லவே, யாருடைய விரல்?

நியாயமான கேள்விதான். மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டேன். பக்கத்திலேயே விரலுக்கும் ஒன்றை விட்டுவைத்து, அதன் கீழே சின்ன எழுத்தில் ‘வலை கட்டியவரின் விரல்’ என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.